எதற்கு என்ற கேள்வி

இலக்கிய விமரிசனம் எழுதுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் கடைத் துண்டுப் பிரசுரத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக் கூடும். நிரம்ப வேலை இருக்கிறது என்பதுதான் என் எண்ணம். இன்றைக்கு மத்தியதரக் குடும்பங்களில் நாலு பேர் கூடி உட்கார்ந்து, கவலையோடு, வரி வரியாகப் படிக்கிற எழுத்து எது? நாவல் அல்ல; சிறுகதையும் அல்ல. பையனோ பெண்ணோ பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் காலெடுத்து வைக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் அந்தத் துண்டுப் பிரசுரம்தான். அறுபதாயிரம் எழுபதாயிரம் ரூபாயை ஒரு குடும்பத்தின் பெட்டியிலிருந்து வெளியே வரவழைக்கும் வல்லமை படைத்த எழுத்தை விமரிசகன் படிக்காமல் விட்டால் அது என்ன விமரிசனம்?

படித்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது, அதில் வினைச்சொல்லே கிடையாது என்பது. ஐ-7, 16 ஜி.பி., 512 ஜி.பி., ஆர்.டி.எக்ஸ்., 144 ஹெர்ட்ஸ் என்று பெயர்களும் எண்களும் அஷ்டோத்திரம் போல வரிசையாக வருகின்றன. ஒரு சாமான் என்ன செய்யும், எவ்வளவு நேரம் செய்யும், மே மாத வெயிலில் செய்யுமா என்று சொல்லுவதற்கு வினைச்சொல் வேண்டும் அல்லவா? எழுதியவருக்கு அது தெரியாமலில்லை. வினைச்சொல் வந்தால் பொறுப்பு வந்துவிடும், அதனால் விட்டுவிட்டார்.

இதே குடும்பம் காஞ்சிபுரத்துக் காந்தி ரோட்டில் புடவை எடுக்கும்போது பாருங்கள். கடைக்காரர் பாயில் முதல் புடவையை விரிப்பதற்கு முன்பே ஒரு கேள்வி கேட்கிறார். "எதுக்கும்மா பாக்கறீங்க? முகூர்த்தத்துக்கா, ரிசப்ஷனுக்கா, வச்சுக் குடுக்கறதுக்கா?" அந்த அம்மாளும் கூச்சமில்லாமல் பதில் சொல்கிறாள். நாத்தனாருக்கு வைத்துக் கொடுப்பதென்றால் ஐயாயிரத்துக்குள் போதும் என்கிறாள். பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை என்றால் குரலே மாறிவிடுகிறது. பிறகு புடவையைத் திருப்பி அடிப்பக்கம் பார்க்கிறாள். உடலும் கரையும் சேருகிற இடத்தை விரலால் தடவிக் கோர்வையா என்று கேட்கிறாள். ஜரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவப்பு நூல் தெரிய வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். முந்தானை ஓரத்து இழை ஒன்றை உருவிக் கொளுத்தினால் மயிர் பொசுங்குகிற நாற்றம் வர வேண்டும், சாம்பல் விரலிடையில் பொடியாக வேண்டும், உருகி மணி போலத் திரண்டால் அது பட்டு அல்ல என்பதும் தெரியும். இவளுக்கு நெசவு தெரியாது. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் வைத்தவளும் அல்ல. வாங்கத் தெரியும், அவ்வளவுதான்.

இதே அம்மாள், இதே அப்பா, கம்ப்யூட்டர் கடைக்குள் போனதும் வாய் அடைத்துப் போகிறது. "சார், இது ஐ-ஸெவன். பையன் படிப்பு முடியற வரைக்கும் கவலையே இல்லை" என்று கடைப் பையன் சொல்கிறான். ஸெவன் என்றால் ஃபைவைவிடப் பெரிது என்பது ஒன்றாம் வகுப்புக் கணக்கு, தலையை ஆட்டுகிறார்கள்.

அந்தக் கணக்கே தப்பு. 2016-இல் இன்டெல் கம்பெனி வெளியிட்ட ஐ-7 7500யு என்ற லாப்டாப் சில்லில் இரண்டே மூளைகள். 'கோர்' என்கிறார்களே, அது. மறு வருஷம், 2017-இல், அதே கம்பெனி வெளியிட்ட ஐ-5 8250யு சில்லில் நான்கு. முந்திய வருஷத்து ஏழைவிட மறு வருஷத்து ஐந்துக்கு இரட்டிப்பு ஆள்பலம். ஏழு, ஐந்து என்பது அந்த வருஷத்துக் கூட்டத்தில் எத்தனையாவது ஆசனம் என்று சொல்லுகிற எண். பின்னால் தொங்குகிற நான்கைந்து இலக்கங்களில்தான் பிறந்த வருஷம் இருக்கிறது. ஜாதகம் பார்க்கிற நாம் ஜன்ம வருஷத்தைக் கேட்காமல் பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துவிட்டு வருகிறோம்.

விளையாட்டுக்கென்று வருகிற கிராபிக்ஸ் கார்டுகளின் கதை இன்னும் ஸ்வாரஸ்யமானது. என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4090 என்று ஒன்று. மேஜைக் கம்ப்யூட்டரில் அந்தப் பெயரோடு இருப்பது 16,384 கணக்கீட்டு அலகுகளும் 24 ஜி.பி. நினைவகமும் கொண்டு 450 வாட் மின்சாரம் குடிக்கிற பொருள். லாப்டாப்பில் அதே பெயரோடு 2023-இல் வந்தது 9,728 அலகும் 16 ஜி.பி.யும் கொண்ட வேறொரு சில். இது விலை உயர்ந்த சரக்கு, நமக்கு எட்டாதது என்று விட்டுவிடலாம். நம் வீடுகளுக்கு வருகிற 4060-ஐப் பாருங்கள். லாப்டாப்பில் அதற்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்பது கம்பெனி விதி. 35 வாட் வாங்குகிறதும் 4060-தான். 115 வாட் வாங்குகிறதும் 4060-தான். ஒட்டுச் சீட்டில் வித்தியாசம் இல்லை. அரை வயிற்றுக் கஞ்சி குடித்தவனும் முழுச் சாப்பாடு சாப்பிட்டவனும் ஒரே பெயரில் வேலைக்கு நிற்கிறார்கள்.

பெயர் விஷயத்தில் ஒரு தடவை ஊர் சிரித்தது. 2022 செப்டம்பரில் அதே கம்பெனி 4080 என்ற ஒரே பெயரில் 12 ஜி.பி., 16 ஜி.பி. என்று இரண்டு கார்டுகளை அறிவித்தது. வித்தியாசம் நினைவகத்தில் மட்டுமல்ல, சில்லே வேறு என்பதை ஜனங்கள் கண்டுகொண்டார்கள். கூச்சல் எழுந்தது. அக்டோபரில் 12 ஜி.பி. சரக்கு விற்பனைக்கு வருமுன்பே வாபஸ் ஆயிற்று. 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று ஞானஸ்நானம் பெற்று, 100 டாலர் குறைந்த விலையில் திரும்பி வந்தது. ஒரு பெயருக்கு 100 டாலர்! நாவலுக்குத் தலைப்பு வைக்கிற நாங்கள் கண்ணீர் விட வேண்டிய தொகை.

காஞ்சிபுரத்தில் மட்டும் பெயர் மோசடி இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. விசைத்தறிப் புடவையைக் கைத்தறி என்று விற்கிறவர்களும், காஞ்சிப் பக்கமே வராத சேலைக்குக் காஞ்சிப் பட்டு என்று பெயர் சூட்டுகிறவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்காகத்தான் சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் ஒரு பேதத்தைக் கவனிக்க வேண்டும். இங்கே பெயரைத் திருடுகிறவன் வெளியாள். பெயருக்கு உரிய நெசவாளி அதைக் காப்பாற்றத் துடிக்கிறான். கம்ப்யூட்டர் வியாபாரத்தில் பெயருக்குச் சொந்தக்காரனே அதை நாலு சாமான்களின் மேல் ஒட்டி நீர்க்க வைக்கிறான். இதற்குப் புவிசார் குறியீடு உதவாது. எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவது?

அமெரிக்காவில் போட்டார்கள். 2014-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 970 கார்டில் 4 ஜி.பி. நினைவகம் என்று விளம்பரம். கடைசி அரை ஜி.பி. மட்டும் நொண்டி நடை நடப்பது அடுத்த வருஷம் வெளியாயிற்று. 2016-இல் வாங்கினவருக்கு ஆளுக்கு 30 டாலர் என்று சமாதானமாகப் போனார்கள். சேலையில் முந்தானைக்கு மட்டும் மட்டப் பாவு ஓட்டின மாதிரி.

இவ்வளவு தூரம் வந்த பிறகு ஒரு விஷயம். கம்ப்யூட்டரைக் கண்டு மலைத்து நிற்க வேண்டிய ஊர் காஞ்சிபுரம் அல்ல. தறியின் மேல் உட்கார்ந்திருக்கிற ஜக்கார்டு பெட்டியும், துளை போட்ட அட்டை மாலையும் பிரான்ஸில் லியோன் நகரத்துப் பட்டு நெசவிலிருந்து 1804-ஆம் ஆண்டு வாக்கில் கிளம்பியவை. துளை இருந்தால் இழை எழும்பும், இல்லாவிட்டால் எழும்பாது. இந்த 'உண்டு, இல்லை'யைத்தான் லண்டனில் பாபேஜ் என்ற கணித மேதை தமது கணக்கு யந்திரத்துக்கு இரவல் வாங்கத் திட்டமிட்டார். 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்த ஜக்கார்டின் உருவப்படம் ஒன்றை அவர் தம் வீட்டில் வைத்திருந்து விருந்தாளிகளுக்குக் காட்டுவாராம். கிளிக் கரையும் அன்னப் பட்சியும் இப்போது கம்ப்யூட்டரில் வரையப்பட்டுத் தறிக்கு வருகின்றன. பேரன் பாட்டன் வீட்டுக்கு வந்தது போலத்தான். இதே மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் டெல் கம்பெனி 2007-இல் கம்ப்யூட்டர் தொழிற்சாலையே திறந்தது.

கடைக்காரரையும் கம்பெனியையும் சொன்னது போதும். வீட்டுக்குள் நடக்கிற பொய் ஒன்று இருக்கிறது. என்னைக் கேட்டால் அதுதான் அதிகப் பணத்தை விழுங்குகிறது. "எதுக்குப்பா கம்ப்யூட்டர்?" என்று அப்பா கேட்கிறார். "படிப்புக்குத்தாம்பா" என்கிறான் பையன். அவன் மனசில் இருப்பது விளையாட்டு. அது அப்பாவுக்கும் தெரியும். அவருக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் அந்த வார்த்தை வெளியே வருவதில்லை, அம்மாவின் முன்னால் வரவே வராது. விளையாட்டுக்கு எழுபதாயிரமா என்று அவள் கேட்டுவிடுவாளே! படிப்பு என்ற பெயரில் விளையாட்டுச் சாமானை வாங்கக் கிளம்புகிற குடும்பம் கடையில் உண்மையான கேள்வி எதையும் கேட்க முடியாது. பையன் பேசினால் குட்டு வெளிப்படும். அப்பா பேசினால் அறியாமை வெளிப்படும். கடைப் பையன் மட்டும் பேசுகிறான்.

விளைவு என்ன? இரண்டரைக் கிலோ கனத்தில் ஒரு கேமிங் லாப்டாப் வீட்டுக்கு வருகிறது. அதை முதுகில் சுமந்துகொண்டு அவன் தினம் கல்லூரி பஸ் ஏற வேண்டும். இரண்டு மணி நேரத்தில் பாட்டரி தீர்ந்து வகுப்பில் பிளக் தேட வேண்டும். அல்லது அம்மாவின் கட்சி ஜெயித்து மெல்லிய லாப்டாப் வருகிறது. அவன் விரும்பின விளையாட்டு அதில் தடுக்கித் தடுக்கி ஓடுகிறது. ஆறு மாதத்தில் முணுமுணுப்பு ஆரம்பம். உண்மையைச் சொல்லியிருந்தால் வழி இருந்தது. படிப்புக்கு லேசான சாதாரண லாப்டாப், வீட்டில் விளையாட மேஜைக் கம்ப்யூட்டர் என்று பிரித்து, இரண்டாவதை ஒரு வருஷம் தள்ளிப் போட்டிருக்கலாம். அதே வேகத்தை மேஜைக் கம்ப்யூட்டரில் வாங்கினால் பொதுவாகக் குறைந்த பணம்தான் ஆகிறது. பழுதானால் ஒரு உறுப்பை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

விளையாடுவது குற்றம் என்று நான் சொல்லவில்லை. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, காஞ்சியில் பிறந்த அண்ணாவின் பிறந்த நாளன்று, தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா லாப்டாப் கொடுக்கத் தொடங்கியதே, அதில் பையன்கள் படித்தார்களா, விளையாடினார்களா? இரண்டும் செய்தார்கள். விளையாட்டை ஓட வைப்பதற்காக மூடியைக் கழற்றி நினைவகம் சேர்த்தவன்தான் தெருவில் மற்ற லாப்டாப்புகளைப் பழுது பார்த்துக் கொடுத்தான்.

ஆகையால் பையனிடம் கேட்க வேண்டியது "எதற்கு" என்பதற்கு அடுத்த கேள்வி: "எந்த விளையாட்டு?" 2020-இல் வந்த வாலரன்ட் தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண யந்திரத்திலேயே ஓடும். அதே வருஷத்துச் சைபர்பங்க் 2077 பணத்தைத் தின்னும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் குறைந்தபட்சம் இது வேண்டும், நன்றாக ஓட இது வேண்டும் என்று அதை வெளியிடுகிறவர்களே பட்டியல் கொடுக்கிறார்கள். முகூர்த்தப் புடவைக்கு இத்தனை கிராம் என்று சொல்கிற மாதிரி. விளையாட்டு மட்டுமே போதும் என்று துணிந்து சொல்லுகிற குடும்பத்துக்கு பிளேஸ்டேஷன் 5 போன்ற பெட்டிகள் உண்டு. அது 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது விலை 49,990 ரூபாய். காஞ்சியில் வாங்கினாலும் சென்னையில் வாங்கினாலும் அந்தப் பெயருக்கு ஒரே பலம்; அந்த மட்டில் யோக்கியமான சாமான். ஆனால் புது விளையாட்டு ஒவ்வொன்றும் ஐயாயிரத்தை நெருங்குகிறது என்பதைப் பெட்டியின் மேல் எழுதியிருக்க மாட்டார்கள்.

சென்னைக்குப் போய் ரிச்சி தெருவில் உறுப்பு உறுப்பாக வாங்கிச் சேர்ப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. அங்கே விலை குறைக்கச் சொன்னால் முதலில் குறைவது எஸ்.எம்.பி.எஸ். என்கிற மின்பெட்டி. அது கண்ணுக்குத் தெரியாது, விளம்பரத்திலும் வராது; சேலையில் பாவு மாதிரி. மிச்சம் பிடித்த காசில் கல்யாண வீட்டுச் சீரியல் லைட் போலக் கலர் விளக்கு எரிகிற விசிறிகளைப் போட்டுக் கொடுப்பார்கள். மட்டமான மின்பெட்டி வெடித்தால் கிராபிக்ஸ் கார்டையும் கூட அழைத்துக்கொண்டு போகலாம். விளக்கைக் குறைத்து மின்பெட்டியை உயர்த்தச் சொல்லுங்கள். "பில் வேண்டாம்னா பதினெட்டு பர்சென்ட் மிச்சம் சார்" என்பார்கள். பில் இல்லாவிட்டால் உத்தரவாதமும் இல்லை. வெயிலையும் மறக்க வேண்டாம். நம் ஊர் மே மாதத்தில் மாடி அறையில் வைத்த லாப்டாப், சூடு தாங்காமல் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதை யந்திரக் கோளாறு என்று பையன் சொல்வான், சோம்பேறித்தனம் என்று அப்பா சொல்வார்.

512 ஜி.பி. என்று வாங்கின தட்டு வீட்டில் 476 என்று காட்டினால் சண்டைக்குப் போக வேண்டாம். கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1,024-ஆல் வகுக்கிறது. பூக்காரி முழமும் வீட்டு முழமும் ஒன்றாக இருந்தது எப்போது?

2025-இன் பிற்பகுதியில் நினைவகத்தின் விலை கிடுகிடுவென்று ஏறியது. செயற்கை அறிவுக்கென்று கட்டுகிற பெரும் பெரும் யந்திரசாலைகள் சில்லுகளை மொத்தமாக வாரிக்கொண்டு போனதுதான் காரணம். இப்போதைக்கு 8 ஜி.பி. போதும், விலை இறங்கினால் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடுகிற அப்பாக்கள் அப்படியே செய்யட்டும். சேர்ப்பதற்கு உள்ளே இடம் இருக்கிறதா என்று மட்டும் கடைக்காரரைக் கேட்டு, பதிலை அந்தப் பில்லின் பின்புறத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும். மெல்லிய லாப்டாப்புகள் பலவற்றில் நினைவகத்தைப் பலகையோடு பற்றவைத்தே அனுப்புகிறார்கள்.