விலங்குப் படங்களில் கூற்றும் காட்சியும்

செய்யுளுறுப்புக்களை வகுத்த தொல்காப்பியர், கூற்று, கேட்போர், களன் என்பனவற்றைத் தனித்தனி உறுப்புக்களாக எண்ணினார். இம்மொழி இன்னார் இன்னார்க்குச் சொல்லற்குரியது என்று உய்த்துணரச் செய்யும் முன்னத்தையும் அவற்றோடு வைத்தார். அகப்பாட்டைக் கையிலெடுக்கும் மாணாக்கர் முதற்கண் வினவுவது, ‘இது யார் கூற்று?’ என்பதே. கானுயிர், கடலுயிர் பற்றிய ஆவணப்படங்களுக்கும் இவ்வினா பொருந்தும். அவற்றின் வாய்மையை அளந்தறியும் கோலாகவும் பயன்படும் என்பது இக்கட்டுரையின் துணிபு. தென்னாப்பிரிக்காவில் எடுக்கப்பெற்று 2020இல் வெளிவந்த ‘மை ஆக்டோபஸ் டீச்சர்’ என்னும் படம் ஈண்டு ஆய்வுக்குக் கொள்ளப்படுகிறது.

இத்துறையில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தியது உருவமில்லாக் குரலின் கூற்று. சொல்வார் யாரெனத் தெரியாதபோது, சொல்லப்படுவது இயற்கையே சொல்வது போலத் தோன்றும். 1958இல் வால்ட் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட ‘வைட் வில்டர்னஸ்’ என்னும் படத்தில், லெம்மிங் என்னும் எலியினச் சிற்றுயிர்கள் கூட்டங்கூட்டமாகக் கடலில் வீழ்ந்து மாய்வதாகக் காட்டினர். அவை விலைக்கு வாங்கிக் கொணரப்பட்டவை. படத்தின்பொருட்டே நீரில் தள்ளப்பட்டவை. அந்நீரும் கடலன்று, ஆறே. கனடா நாட்டுத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று 1982இல் இதனை வெளிப்படுத்தியது. கண்முன் நிகழ்ந்த காட்சியைப் பொய்யாக்கியது அதனோடு இணைந்த கூற்றே என்பது இதனால் விளங்கும்.

இனி, நாம் எடுத்துக்கொண்ட படத்தை நோக்குவோம். தென்னாப்பிரிக்கா, உயிர்வகைச் செழுமை மிக்கனவாக எண்ணப்படும் 17 நாடுகளுள் ஒன்று. மேற்கே பெங்குவேலா என்னும் குளிர்நீரோட்டமும் கிழக்கே அகல்ஹஸ் என்னும் வெந்நீரோட்டமும் அதன் கரைகளைத் தழுவிச் செல்கின்றன. கேப் டவுன் நகரை அடுத்த ஃபால்ஸ் விரிகுடாவில், சைமன்ஸ் டவுன் என்னும் ஊருக்கு அருகில், கெல்ப் என்னும் நெடும்பாசிகள் காடுபோல் வளர்ந்துள்ளன. மனச்சோர்வுற்றிருந்த படப்பிடிப்பாளர் கிரேக் ஃபாஸ்டர், குளிர்காப்புடையும் மூச்சுக்கலமும் இன்றி 2010இல் அந்நீரில் மூழ்கத் தொடங்கினார். ஆங்கு ஒரு பேய்க்கணவாயைக் கண்டு, நாள்தோறும் அதனைத் தொடர்ந்தார். அவ்வுயிரின் வாழ்வும் முடிவுமே படத்தின் பொருள். பிப்பா எர்லிக், ஜேம்ஸ் ரீட் ஆகிய இருவரும் இயக்கிய இப்படம் 2021இல் சிறந்த ஆவணப்படத்திற்குரிய ஆஸ்கார் பரிசைப் பெற்றது.

இப்படத்தின் முதற்சிறப்பு, கூற்றுக்குரியவர் நம்முன் அமர்ந்திருத்தலாம். ஃபாஸ்டர் தம் முகம் காட்டித் தம் அனுபவத்தைத் தம் சொல்லாற் கூறுகிறார். மாந்தர் உணர்ச்சியை விலங்கின்மேல் ஏற்றினார் எனச் சிலர் இதனைக் குறை கூறுவர். அக்கூற்று எமக்கு உடன்பாடன்று. கடலும் விலங்கும் மரமும் புள்ளும் பேசுவன போலவும் செவிமடுப்பன போலவும் கொண்டு மொழிதல் நம் அகமரபிலும் ஏற்கப்பட்டதே. ஆண்டுப் ‘போல’ என்பது காவலாக நிற்கிறது. ஈண்டும், ‘எனக்கு அஃது ஆசான்’ என ஒருவர் தம் நெஞ்சைக் கூறுதல் வேறு. ‘அவ்வுயிர் கற்பிக்கிறது’ என உருவமில்லாக் குரல் விதித்தல் வேறு. முன்னது பிழையாகாது.

காட்சிக்கருவியும் நிகழ்ச்சியில் ஒரு பங்காளி என்பதை ஓரிடத்தில் படம் தானே ஒப்புக்கொள்கிறது. ஃபாஸ்டர் கைதவறி ஒரு வில்லையை வீழ்த்த, கணவாய் வெருண்டு தன் வளையையே விட்டு ஓடிவிடுகிறது. அவர் தடம் தேடித் தேடி மீண்டும் அதனைக் காண்கிறார். பின்னர்ச் சுறா அதனைத் தாக்கியபோது, காட்டின் ஒழுங்கில் தலையிடலாகாது எனக் கருதி வாளா நிற்கிறார். இவ்விரண்டையும் ஒருங்குவைத்து நோக்கின், தலையிடாமை என்பது முழுமையாக ஒருவர்க்கும் இயலாது என்பது புலனாகும். தம் பிழையை மறையாது உரைத்தமையின் இப்பகுதி படத்தின் உயர்ந்த பகுதி எனலாம்.

ஆயினும் இரு குறைகள் சுட்டத்தக்கன. முதலாவது, கூற்று ஒருவரதாக இருக்க, கண் பலரதாக இருத்தல். தனிமையே கதையின் உயிர். ஆனால், நீந்தும் அவரைத் தொடர்ந்து நகரும் காட்சிகளை அவர் கையே எடுத்திருத்தல் இயலாது. ரோஜர் ஹாராக்ஸ் என்பவரின் பெயர் ஒளிப்பதிவாளராகப் படத்தில் குறிக்கப்பட்டுள்ளது. கதைக்கூற்றிலோ அவர்க்கு இடமில்லை. உடனிருந்த கண்ணை ஒரு சொல்லாற் சுட்டியிருப்பின் தனிமையின் சுவை சிறிது குறைந்திருக்கும், வாய்மை மிகுந்திருக்கும்.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. ஊரார், அயலார், சேரியார் முதலியோர்க்கு அகப்பொருளில் நேர்க்கூற்று இல்லை; எனினும் அவர் சொல் பிறர் வாயிலாக எடுத்து மொழியப்படும் என்பது இலக்கணம். இப்படத்திலோ ஊர் எடுத்து மொழியப்படவும் இல்லை. சைமன்ஸ் டவுன் 1967இல் இனவொதுக்கல் ஆட்சியால் வெள்ளையர்க்கே உரிய பகுதியாக அறிவிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த நிறமக்கள் வெளியேற்றப்பட்டனர். அவருள் மீனவக் குடும்பத்தாரும் இருந்தனர். அக்கரை இன்று அமைதியாகத் தோன்றுகிறது எனின், அவ்வமைதியின் ஒரு கூறு சட்டத்தால் ஆக்கப்பட்டது. இது அறியாதார், மாந்தரின்மையே அவ்விடத்தின் இயற்கை எனக் கருதுவர்.

இது கலைக்குறை மட்டுமன்று. தென்னாப்பிரிக்க அரசு 2019இல் 20 கடற்காப்பிடங்களைப் புதிதாக அறிவித்தது. கடலைக் காத்தல் இன்றியமையாதது. ஆனால், எவ்விடம் யார்க்குரியது என்னும் எண்ணத்தை மக்கள் உள்ளத்தில் உருவாக்குவனவற்றுள் இத்தகைய படங்களும் அடங்கும். காட்சியில் இடம்பெறாத மீனவர், கரைக்கு வரும்போது அயலாராகக் கருதப்படுதல் எளிது.

இக்குறை நீக்கற்கரியதும் அன்று. ஃபாஸ்டர் தம் உடன்பிறந்தாருடன் 2000இல் எடுத்த ‘தி கிரேட் டான்ஸ்’ என்னும் படத்தில், கலகாரிப் பாலைநிலத்து வேட்டை, வேட்டுவர் ஒருவரின் கூற்றாகவே அமைந்துள்ளது. தடம் பார்க்கும் அறிவையும் அம்மக்களிடமே கண்டதாக அவர் கூறுகிறார். கானத்து மாந்தர்க்கு ஆண்டு அளித்த கூற்றுரிமையைக் கடற்கரை மாந்தர்க்கு ஈண்டு அளித்திலர். ஆகவே, இப்படம் ஒரு நெஞ்சின் கூற்றாக மெய்யானது. ஒரு நிலத்தின் கூற்றாகக் கொள்ளின் நிரம்பாதது என்பதே எம் முடிபு.