மிச்சம் வைக்காத எண்

இராமானுஜன் என்றதும் எல்லாரும் 1729-க்கு ஓடுகிறார்கள். நல்ல எண்தான். ஆனால் 7, 13, 19 மூன்றின் பெருக்கற்பலன் அது. காரணிகள் எட்டே எட்டு. என் மனம் போய் நிற்பது 6746328388800-இல். 1915-இல் லண்டன் கணிதச் சங்க இதழில் வந்த அவருடைய மிகுபகு எண்களின் பட்டியல் அதில்தான் முடிகிறது; தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விடக் காரணிகள் கூடுதலாக உள்ள எண்தான் மிகுபகு எண். ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கல்லங்குறிச்சியில் எங்கள் அப்பாயி கொய்யாப்பழத்தைத் திண்ணையில் கொட்டிக் கூறு போடுவார். அறுபது இருந்தால் ஆறு பேர் வரைக்கும் சண்டை கிடையாது. ஏழாவதாக ஒருவன் வந்தால் நாலு மிஞ்சும், அன்றைக்கு ரகளைதான். இந்த எண்ணோ, ஒருவர் முதல் 28 பேர் வரை எத்தனை பேர் வந்து உட்கார்ந்தாலும் ஒன்றுகூட மிச்சம் வைக்காது. 29-இல்தான் கையை விரிக்கும்.

அதன் அழகு பகாக் காரணிகளின் அடுக்குகளில் இருக்கிறது. 2-க்கு ஆறு, 3-க்கு நாலு, 5-க்கும் 7-க்கும் இரண்டிரண்டு, 11 முதல் 23 வரையுள்ள பகா எண்களுக்கு ஒவ்வொன்று. குளத்துப் படிபோல இறங்கிக்கொண்டே வருகிறது, ஓரிடத்திலும் ஏறுவதில்லை. எந்த மிகுபகு எண்ணிலும் கடைசிப் படி ஒன்றாகத்தான் இருக்கும், விலக்கு 4-உம் 36-உம் மட்டுமே என்பதையும் இராமானுஜனே நிறுவினார். ஒவ்வொரு அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 10080 காரணிகள். இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை கிடையாது.

321253732800-தான் உயர்ந்தது, அது மிகுபகு எண்களிலும் மேல்சாதி என்று வாதிடும் நண்பர்கள் உண்டு. இருக்கட்டும். அதில் 7 ஒரே ஒரு முறை வருகிறது. எனக்கு அந்தப் படி திடுமென்று இறங்குவதாகப் படுகிறது. கேம்பிரிட்ஜில் இராமானுஜனின் வழிகாட்டியான ஹார்டிகூட மிகுபகு எண்களின் துறையைக் கணிதத்தின் ஒதுக்குப்புறம் என்றே கருதினார். ஆனால் 1916-இல் இராமானுஜனுக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம் வாங்கித் தந்தது இந்த ஒதுக்குப்புறம்தான்.

இப்போது பிள்ளைகளிடம் இந்த எண்ணைக் கொடுத்தால் ஃபோனில் தட்டி நொடியில் காரணிகளைக் காட்டிவிடுகிறார்கள். விடை சரி. ஆனால் 2-ஆல் ஆறு முறை வகுத்து, ஏழாவது முறை ஒற்றைப்படையில் முட்டி நிற்கிற சுகம் அவர்களுக்குத் தெரியவில்லை. வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொன்ன வகுப்புகளோடு அதுவும் போய்விட்டது.

இராமானுஜன் கையால் கணக்கிட்ட அந்தப் பட்டியலில் 102 எண்கள். நடுவில் ஒன்று விடுபட்டுப்போனது: 293318625600. அதற்கு 5040 காரணிகள். பட்டியலின் கடைசி எண்ணை, என் எண்ணை, 23-ஆல் வகுத்துப் பாருங்கள். வருவது அதுதான்.