ஈப்போ வெயிலில் ஒரு செப்பு வடிகலன்

சிறிய விஸ்கி வடிசாலை தொடங்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் மயங்குவது வடிகலனின் அழகில்தான். பளபளக்கும் செம்பு, வளைந்த அன்னக்கழுத்து, பித்தளை வளையங்கள். விலைப்பட்டியலிலும் அதுவே முதல் வரி. பேராக் மண்ணில் அந்தப் பட்டியலைத் தலைகீழாகப் படிக்க வேண்டும். 500 லிட்டர் கலன் ஒன்றை ஓட்டிப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை. இங்கே செம்புக்கு முன் குளிர்ச்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும்.

கலன் நண்பருடையது. சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு தோட்டத்தில், பழைய ஆலைக் கொட்டகையை வாடகைக்கு எடுத்து, உரிமத்துக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார். 1976ஆம் ஆண்டு கலால் சட்டப்படி உரிமம் இல்லாமல் சாராயம் வடிப்பது குற்றம். அதனால் மெங்லெம்புவில் ஓர் இரும்புப் பட்டறையில் வெறும் தண்ணீரை ஊற்றி ஓட்டினோம். தண்ணீர்ச் சோதனை சும்மா ஒப்புக்குச் செய்வதல்ல. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறக்குறைய 2,257 கிலோஜூல் வேண்டும். சாராயத்துக்கு 840 போதும். குளிர்விப்பான் எவ்வளவு வெப்பத்தை வாங்கும், எங்கே ஒழுகும், எந்த இணைப்பு விரிகிறது என்பதையெல்லாம் தண்ணீரே சொல்லிவிடும். சுவையை மட்டும் அது சொல்லாது.

சூடேற்றும் முறையில் இந்தக் கலனுக்குக் குறை சொல்ல முடியவில்லை. 24 கிலோவாட் மின்சாரத்தில் உண்டாகும் நீராவி இரட்டைச் சுவருக்குள் சுற்றுகிறது. மின்கம்பியை நேராக ஊறலுக்குள் விடும் மலிவான கலன்களில் மாவுத்துகள் கம்பியில் ஒட்டிக் கருகும். அந்தத் தீய்ந்த வாடை கடைசிச் சொட்டு வரை போகாது. 28 பாகையில் ஊற்றிய 500 லிட்டர் தண்ணீர் கொதிக்கக் கணக்குப்படி 42 யூனிட் மின்சாரம், ஒன்றே முக்கால் மணி நேரம். செம்பு கொஞ்சம் வெப்பத்தை விழுங்கியதால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே பிடித்தது. மும்முனை இணைப்பு இல்லாத கொட்டகையில் இதை நினைக்கவே வேண்டாம். நீராவி அழுத்தம் உள்ள பாத்திரம் என்பதால், தகுதிச் சான்றிதழ் பற்றி வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையான ஜேகேகேபி அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

இனிக் குளிர்விப்பான். ஸ்காட்லாந்தில் ஓடைத் தண்ணீர் 8 பாகையில் கிடைக்கிறது. நம் குழாயில் வருவது 28. வெளியேறும் தண்ணீர் 60 பாகையைத் தாண்டக்கூடாது என்று வைத்தால், 24 கிலோவாட் வெப்பத்தை இறக்க அங்கே நிமிடத்துக்கு 7 லிட்டருக்குள் போதும். இங்கே 11 லிட்டர். எட்டு மணி நேர ஓட்டத்துக்கு 5,000 லிட்டருக்கு மேல். இதைச் சாக்கடையில் விடுவது பாவம், கட்டணமும் தாங்காது. குளிர்கோபுரம் வைத்துத் தண்ணீரைச் சுற்றவிடலாம். ஆனால் கிந்தா பள்ளத்தாக்கின் ஈரக்காற்றில் எந்தக் கோபுரமும் தண்ணீரை 28, 29 பாகைக்குக் கீழே இறக்காது. சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் ஆழ்குழாய்க் கிணறு வைத்திருப்பவர்களுக்குக் குழாய்க்குள் படியும் சுண்ணாம்பு தனித் தலைவலி.

அதைவிடப் பெரிய விஷயம் தீ. 60 விழுக்காட்டுச் சாராயத்தின் ஆவி ஏறக்குறைய 22, 23 பாகையிலேயே பற்றிக்கொள்ளும். 40 விழுக்காட்டுக்கு 26 பாகை. நம் கொட்டகைகள் பகலில் 32ஐத் தொடுகின்றன. அதாவது குளிர்நாட்டில் ஓரளவு அடங்கிக் கிடக்கும் சாராயம், இங்கே திறந்த வாளியில் நின்றாலே ஆபத்து. பட்டறைச் சோதனையில் குளிர்விப்பானிலிருந்து வந்த தண்ணீர் கையில் வெதுவெதுப்பாக விழுந்தது. சாராயம் அந்தச் சூட்டில் விழக்கூடாது. முதல் கட்டத்துக்குக் கோபுரத் தண்ணீர், கடைசிக் கட்டத்துக்கு மட்டும் சிறிய சில்லர் என்று இரண்டாகப் பிரிப்பதே சரி. அருகில் ஓடும் பம்ப், மின்விசிறி, சுவிட்ச் எல்லாம் வெடிப்புத் தடுப்பு வகையாக இருக்கட்டும். இந்த ஒரு செலவில் கஞ்சத்தனம் கூடவே கூடாது.

ஊறல் தொட்டிக்கும் இதே கதை. 8 விழுக்காடு சாராயம் தரும் ஊறல் நொதிக்கும்போது வெளிவரும் வெப்பம் வெளியேறாமல் அடைபட்டால், தொட்டியின் சூட்டை 20 பாகை வரை ஏற்றிவிடும். 28இல் தொடங்கினால் 48. ஈஸ்ட் அதற்கு வெகுமுன்பே செத்துவிடும். தண்ணீர் சுற்றும் உறை இல்லாத தொட்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அளவுக்கருவி சின்னது, ஆனால் வரியே அதில்தான் நிற்கிறது. தோட்டத்து ஆலையில் ரப்பர் பாலுக்குள் மெட்ரோலாக்கை மிதக்கவிட்டு, காய்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்த்த பெரியவர்களுக்குச் சாராய ஹைட்ரோமீட்டர் புதிதாக இருக்காது. இது 20 பாகைக்கு அளவிடப்பட்டது. 30 பாகையில் 44 என்று காட்டினால் உண்மையில் இருப்பது 40தான். திருத்த அட்டவணையும் நல்ல வெப்பமானியும் இல்லாமல் புட்டியில் எண்ணை எழுதினால் வாங்குகிறவரையும் சுங்கத்துறையையும் ஏமாற்றியதாகும்.

குழாய்க்கு ரப்பர் வேண்டாம். ரப்பர் மண்ணில் இதைச் சொல்வது வருத்தம்தான். வீரியமான சாராயம் ரப்பரின் வாடையை இழுத்துக்கொள்ளும். துருப்பிடிக்காத எஃகும் டெஃப்லான் வளையமும் போதும். ஜப்பானின் ககோஷிமாவில் ஷோச்சூ வடிப்பவர்கள் சிலர் குளிர்விப்புச் சுருளை வெள்ளீயத்தில் செய்கிறார்கள். சாராயம் மென்மையாகிறது என்பது அவர்கள் நம்பிக்கை. வெள்ளீயத்தால் உலகப்புகழ் பெற்ற பேராக்கில் யாராவது அதைச் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

பீப்பாய் கணக்கைக் கடைசியில் விட்டால் கடன் கழுத்தை நெரிக்கும். ஸ்காட்லாந்தில் ஆண்டுக்கு 2 விழுக்காடு அளவில் ஆவியாகிறது. 2004இல் கிளாஸ்கோவில் தன் சிங்கிள் மால்ட்டை அறிமுகம் செய்த பெங்களூர் அம்ருத், தன் கிடங்கில் 10 முதல் 12 விழுக்காடு போவதாகச் சொல்கிறது. நம் ஈரப்பதத்தில் தண்ணீரைவிடச் சாராயம் வேகமாகப் போவதால் வீரியமும் இறங்கும். 200 லிட்டர் பீப்பாயை நிழலான, காற்றோட்டமுள்ள தரைத்தளத்தில் வையுங்கள். பத்தாண்டுக் கனவு வேண்டாம். மூன்று நான்கு ஆண்டுகளில் ருசி பார்த்து முடிவெடுங்கள்.

தோட்டப்புறத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் அழித்த குடும்பங்களை நாம் அறிவோம். 2018இல் சிலாங்கூரில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் பல உயிர்களைக் குடித்தது. ஆகவே இந்தத் தொழிலுக்கு வருகிறவர் உரிமத்தையும் ஆய்வகப் பரிசோதனையையும் பாரமாக நினைக்கக் கூடாது.

என் தீர்ப்பு: சூடேற்றும் முறைக்காக இந்த 500 லிட்டர் கலனை வாங்கலாம், ஆனால் கூடவே வரும் குளிர்விப்பானோடு வாங்கக் கூடாது. இரண்டு கட்டக் குளிர்விப்பும் சில்லரும் சேர்த்துப் புது விலை கேளுங்கள். அந்த விலை கட்டுப்படியாகவில்லை என்றால் 300 லிட்டர் கலனுக்கு இறங்குங்கள்; குளிர்விப்பை மட்டும் குறைக்காதீர்கள்.