இலவச இணையப் படிவங்கள்: எதைத் தேர்ந்தெடுப்பது?

படிவம் என்பது புதிய பொருளன்று. பள்ளியில் சேர்ந்த அன்றே உங்கள் பெயரில் ஒரு படிவம் நிரப்பப்பட்டிருக்கும். எல்லோரையும் ஒரே ஒழுங்கில் விடை எழுதச் செய்வதால்தான் ஆயிரம் பேரின் விவரங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. 1890ஆம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஹெர்மன் ஹாலரித் என்பவர் அமைத்த பொறிகள் அட்டைகளில் துளைகளாகப் பதியப்பட்ட விவரங்களை மின்சாரத்தின் உதவியால் எண்ணிக் காட்டின. இன்றைய கணிப்பொறியின் முன்னோர்களுள் ஒன்று, மக்கள் தந்த விவரங்களை எண்ணுவதற்காகவே பிறந்தது.

இணையப் படிவமும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கிறது. இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்.டி.எம்.எல். மொழியின் 2.0 பதிப்பு 1995இல் வெளியானபோது, நிரப்பும் கட்டங்களை அமைக்கும் முறையும் அதில் இடம்பெற்றிருந்தது. கட்டங்களை வரைவது எளிது. அவற்றில் எழுதியதைப் பெற்றுக்கொள்ள எங்கோ ஒரு கணிப்பொறி இரவு பகலாக விழித்திருக்க வேண்டுமே, அதுதான் கடினம். அந்தக் கணிப்பொறியை நமக்காக வைத்துக்கொண்டு, வினாக்களை அடுக்குவதற்கு ஒரு பலகையையும் தருபவையே படிவக் கருவிகள். அவற்றுள் பல இலவசம் என்ற பெயருடன் வருகின்றன. தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். இந்த மாட்டைக் கட்டாயம் பார்க்கத்தான் வேண்டும்.

உங்கள் பள்ளி அறிவியல் மன்றம் ஊரிலுள்ள கிணறுகளின் நீர்மட்டத்தைக் கணக்கெடுக்க முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வினாக்கள், முந்நூறு வீடுகள், முடிவைக் கிராம சபையில் வைக்கப்போகிறீர்கள். எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர்க் குழாய் வேண்டும் என்பதை உங்கள் அட்டவணை ஓரளவு தீர்மானிக்கக்கூடும். இப்போது கருவியைத் தேடுங்கள்.

டைப்ஃபார்ம் என்னும் கருவி பார்ப்பதற்கு அழகானது. ஒரு நேரத்தில் ஒரு வினாவை மட்டும் காட்டி, நிரப்புபவரை அலுப்பில்லாமல் அழைத்துச் செல்லும். ஆனால் இலவசத் திட்டத்தில் மாதத்துக்குப் பத்து விடைகளே பெறலாம். முந்நூறு வீடுகளை முடிக்க முப்பது மாதங்கள் ஆகும். அதற்குள் மூன்று கோடைகள் வந்து போகலாம். சர்வேமங்க்கி 1999 முதல் இருந்துவரும் பழைய நிறுவனம். அதன் இலவசப் படிவத்தில் பத்து வினாக்கள். ஒரு படிவத்துக்கு இருபத்தைந்து விடைகளைத்தான் நீங்கள் திறந்து பார்க்கலாம். ஜாட்ஃபார்ம் ஐந்து படிவங்களையும் மாதம் நூறு விடைகளையும் அனுமதிக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃபார்ம்ஸ், தனிநபரின் இலவசக் கணக்கில் ஒரு படிவத்துக்கு இருநூறு விடைகளுடன் நின்றுவிடும். இந்த எண்களை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றிக்கொள்கின்றன. ஆகவே தொடங்கும் நாளில் அவர்களுடைய கட்டணப் பக்கத்தை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

அளவு வைப்பதைக் குறை சொல்ல முடியாது. கணிப்பொறியை நடத்தப் பணம் வேண்டும். அந்த அளவு எந்தக் கட்டத்தில் நம்மைத் தடுக்கிறது என்பதே ஆராய வேண்டிய செய்தி. பத்து வினாக்களுக்கு மேல் எழுத முடியாது என்றால் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். வேறு கருவியை நாடலாம். விடைகளையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, இருபத்தைந்துக்கு மேல் காண வேண்டுமானால் பணம் கட்டு என்பது வேறு வகை. முந்நூறு வீடுகளில் கதவைத் தட்டிய பிறகு அந்தச் செய்தி திரையில் வந்தால் என்ன செய்வீர்கள்? இத்தகைய இலவசம் மாணவர்களுக்கு ஏற்றதன்று என்பது என் கருத்து.

கூகுள் ஃபார்ம்ஸ் 2008இல் கூகுளின் அட்டவணைச் செயலியின் ஒரு பகுதியாகத் தோன்றியது. வினாக்களுக்கும் விடைகளுக்கும் அது தனியாக எல்லை வைப்பதில்லை. விடைகள் சென்று சேரும் அட்டவணையில் ஒரு கோடி கட்டங்கள் வரை இடம் உண்டு. நாற்பது வினாக்கள் என்றால் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரின் விடைகள்! எந்தப் பள்ளிக்கும் இது போதும். வகுப்பறைத் தேர்வு, விழாவுக்குப் பெயர் கொடுத்தல், நூலகக் கருத்துக்கணிப்பு ஆகியவற்றுக்கு வேறு எதையும் தேட வேண்டியதில்லை என்றே சொல்வேன்.

ஆனால் அதிலும் சில வாயில்களில் காவலாளி நிற்கிறான். ஒருவர் ஒருமுறைதான் விடையளிக்கலாம் என்று கட்டுப்படுத்தினாலோ, கிணற்றின் படத்தை இணைக்கச் சொன்னாலோ, விடையளிப்பவர் தம் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். கணக்கு இல்லாதவர் வெளியே நிற்பார். இன்னொன்று: படிவம் யாருடைய கணக்கில் உருவாயிற்றோ அவருக்கே அது சொந்தம். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் கணக்கில் தயாரித்துவிட்டு அடுத்த ஆண்டு வெளியூர்க் கல்லூரிக்குப் போய்விட்டால், மன்றத்தின் ஆண்டுக்கணக்கான பதிவுகள் அவருடனேயே போய்விடும். மன்றத்துக்கென்று ஒரு கணக்கு தொடங்கிவிடுவது நல்லது.

கிணற்றங்கரைக்கு வருவோம். அங்கே கைப்பேசிக்கு அலைவரிசை எட்டாமற்போனால் கூகுள் படிவம் அசையாது. இங்கேதான் கோபோடூல்பாக்ஸ் என்னும் கருவி தன் திறமையைக் காட்டுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய ஓ.டி.கே. என்ற திறந்த மூல மென்பொருளை அடிப்படையாகக் கொண்டு, ஹார்வர்டு மனிதநேய ஆய்வு அமைப்பைச் சார்ந்தவர்கள் இதை உருவாக்கினர். பேரிடர் நடந்த இடங்களில், மின்சாரமும் இணையமும் அற்ற நிலையில் விவரம் திரட்டுவதே இதன் நோக்கம். படிவத்தை முன்கூட்டியே கைப்பேசியில் இறக்கிக்கொள்ளலாம். விடைகள் கைப்பேசியிலேயே தங்கியிருக்கும். இணைய வசதியுள்ள இடத்துக்கு வந்ததும் அனுப்பிவிடலாம். கிணறு இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் கைப்பேசி செயற்கைக்கோள்களின் உதவியால் கண்டு பதிந்துவிடும். கட்டணமில்லாத் திட்டத்தில் மாத அளவு ஒன்று உண்டு. முந்நூறு வீடுகளுக்கு அது தாராளம்.

இதன் குறை, கற்பதற்குச் சற்றுக் கடினமாயிருப்பதுதான். கூகுள் படிவத்தை அரை மணியில் பழகிவிடலாம். இதற்கு இரண்டு மாலைப்பொழுதுகளாவது ஒதுக்க வேண்டும். ஆனால் அந்த உழைப்புக்குப் பலன் இருக்கிறது. இதில் ஒவ்வொரு விடைக்கும் ஒரு குறியீடும், அதற்கு மேல் ஒரு முகப்புப் பெயரும் தனித்தனியே இருக்கின்றன. திரையில் ‘வற்றிவிட்டது’ என்று தமிழில் காட்டலாம். அதே இடத்தில் இந்தியிலோ தெலுங்கிலோ காட்டலாம். அட்டவணையில் விழுவது ஒரே குறியீடுதான். ஊரில் செங்கல் சூளைக்கு வந்திருக்கும் வெளிமாநிலக் குடும்பங்களிடமும் அதே படிவத்தைக் கொண்டு செல்லலாம் அல்லவா? கூகுள் படிவத்தில் இதற்கு வழியில்லை. மொழிக்கொரு படிவம் செய்து பின்னர் ஒட்டவைக்க வேண்டும். லைம்சர்வே என்ற மற்றொரு திறந்த மூலக் கருவியும் உண்டு. ஆனால் அதை முழு இலவசமாகப் பயன்படுத்த நாமே ஒரு கணிப்பொறியை இணையத்தில் நடத்த வேண்டியிருக்கும் என்பதால் பள்ளிகளுக்கு அதைப் பரிந்துரைக்கத் தயக்கமாயிருக்கிறது.

தமிழில் படிவம் அமைப்போர் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றை இங்கே சற்று விரிவாகவே கூறுகிறேன். கருவிகளை ஒப்பிட்டு எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதேயில்லை. யுனிகோடு முறையில் ‘கொ’ என்ற எழுத்தை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறியை ஒரே குறியாகச் சேர்ப்பது ஒன்று. எகரக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொன்று. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எழுத்துகளின் எண்களை மட்டும் ஒப்பிடும் மென்பொருளுக்கோ வெவ்வேறு சொற்கள். ‘ஔவை’யின் முதலெழுத்தை ஒகரமும் ளகரமுமாகத் தட்டச்சு செய்பவர்களும் உண்டு. ‘கொட்டாம்பட்டி’ என்று நூறு பேர் எழுதினால், அட்டவணை அதை இரண்டு ஊர்களாகப் பிரித்துக் காட்டக்கூடும். எனவே ஊர்ப்பெயர், தெருப்பெயர் போன்றவற்றை எழுதச் சொல்லாமல், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். ஆழத்தைக் கேட்கும்போதும் எண் மட்டுமே ஏற்கும்படி கட்டுப்பாடு வையுங்கள். இல்லாவிடில் ‘20 அடி’, ‘இருபது’, ‘ரொம்ப ஆழம்’ என்றெல்லாம் வரும். கடைசி விடையை எந்தக் கணிப்பொறியாலும் கூட்டிச் சராசரி காண முடியாது.

விடைகளை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி, எக்செலில் நேரடியாகத் திறக்கும்போது தமிழ் எழுத்துகள் சில வேளை புரியாத கிறுக்கல்களாகத் தெரியும். பயப்பட வேண்டாம், விவரம் அழிந்துவிடவில்லை. கோப்பு யு.டி.எஃப்.-8 குறியீட்டில் இருப்பதை எக்செல் உணராமற் போனதே காரணம். கோப்பைத் திறக்காமல், தரவு இறக்குமதி வழியாக அக்குறியீட்டைக் குறிப்பிட்டு எடுத்தால் எழுத்துகள் சரியாகிவிடும்.

இனி முடிவுகளைக் காண்போம். விடைகள் வந்தவுடன் கூகுள் ஃபார்ம்ஸ் வண்ண வண்ண வட்ட வரைபடங்களைத் தானாகவே வரைந்து தருகிறது. இந்த வசதியை எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் அச்சம் உண்டு. பன்னிரண்டு பேர் அளித்த விடையும் பன்னிரண்டாயிரம் பேர் அளித்த விடையும் அதே வட்டமாக, அதே கம்பீரத்துடன் காட்சியளிக்கின்றன. விடையளிக்காதவர்கள் எத்தனை பேர் என்பதற்கு அந்த வட்டத்தில் ஒரு கீற்றும் இல்லை.

1936இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார இதழ், குடியரசுத் தலைவர் தேர்தலையொட்டி ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குப் படிவங்களை அஞ்சலில் அனுப்பியது. தொலைபேசிப் பட்டியல்களிலிருந்தும் மோட்டார் வாகனப் பதிவேடுகளிலிருந்தும் முகவரிகள் திரட்டப்பட்டன. இருபது லட்சத்துக்கும் மேற்பட்டவை நிரம்பித் திரும்பின. லாண்டன் என்பவர் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாநிலங்களில் 46 அவர் பக்கம். அந்தப் பொருளாதார மந்த காலத்தில் தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்கள் வசதி படைத்தவர்கள். மேலும், படிவத்தைத் திருப்பி அனுப்பியவர்களின் கருத்தும் அனுப்பாதவர்களின் கருத்தும் ஒன்றாக இல்லை. அதே தேர்தலில் ஜார்ஜ் கேலப் என்பவர் மிகக் குறைந்த எண்ணிக்கையினரை, ஆனால் பல தரப்பினரும் இடம்பெறும்படி தேர்ந்து கேட்டு, வெற்றியாளரைச் சரியாகக் கூறினார். இதழ் 1938இல் நின்றுபோயிற்று.

உங்கள் கிணற்றுக் கணக்கெடுப்பிலும் இது நடக்கும். படிவத்தின் இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டுக் காத்திருந்தால், நல்ல கைப்பேசியும் ஓய்வும் உள்ள வீடுகளிலிருந்து விடைகள் வரும். கிணறு வற்றி, இரண்டு கிலோமீட்டர் நடந்து குடத்தில் நீர் சுமந்துவரும் வீட்டிலிருந்து பெரும்பாலும் வராது. ஊரில் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை என்று வட்ட வரைபடம் காட்டும். அதைத்தான் கிராம சபையில் வைப்பீர்கள்! ஆகவே படிவத்தை நீங்களே எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்லுங்கள். எந்த வீடுகளில் விடை கிடைக்கவில்லை என்பதையும் ஒரு தாளில் குறித்துவைத்து, முடிவுடன் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெயரும் தொலைபேசி எண்ணும் கேட்க வேண்டுமா என்பதையும் முன்னரே முடிவு செய்யுங்கள். நீர்மட்டத்தை அறிய வீட்டு எண்ணே போதும். இந்தியாவில் 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனி விவரங்களைக் கையாளுவதற்குச் சம்மதத்தை அடிப்படையாக வைக்கிறது. பதினெட்டு வயதுக்குட்பட்டோர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. விடைகள் விழும் அட்டவணையை, இணைப்பு வைத்திருப்பவர் யாரும் காணலாம் என்று திறந்துவிடும் வழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. அவ்வாறு செய்தால் முந்நூறு வீடுகளின் விவரமும் தெருவில் வைத்தது போலத்தான்.

கருவியைத் தேர்ந்தபின், வெளியே எடுத்துச் செல்வதற்கு முன் மூன்று பொய் விடைகளை நீங்களே நிரப்பிப் பாருங்கள். ஒன்றை மன்றத்தில் இருப்பதிலேயே பழைய கைப்பேசியில், இணையத்தை அணைத்துவிட்டு நிரப்புங்கள். பிறகு அட்டவணையை இறக்கி, தமிழ் எழுத்துகள் சிதையாமல் இருக்கின்றனவா, எண்கள் எண்களாகவே விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த மூன்று வரிகளையும் அழித்த பின்னரே முதல் வீட்டின் கதவைத் தட்டுங்கள்.