எபிரேயப் பெயர்கள்: தமிழ் விவிலிய மரபில் ஒலியும் பொருளும்

விவிலியத்தில் வரும் எபிரேயப் பெயர்களில் பெரும்பாலானவை பொருள் தரும் சொற்கள். பல பெயர்கள் சிறு வாக்கியங்களாகவே அமைந்தவை. யோனத்தான் என்பதற்கு 'ஆண்டவர் கொடுத்தார்' என்று பொருள். யோவான் என்பது 'ஆண்டவர் அருள்கூர்ந்தார்' என்பதாகும். எபிரேயம் அறிந்தவர் இப்பெயர்களைக் கேட்கும்போது பொருளும் உடன் கேட்கும். பல கதைகள் அந்தப் பொருளை நம்பியே நடக்கின்றன. தமிழில் இப்பெயர்கள் ஒலிவழியாகவும் பொருள்வழியாகவும் இரு விதமாகக் கையாளப்பட்டுள்ளன. இன்று ஒலிவழியே நிலைத்துவிட்டது. அதனால் வாசகர் இழந்தது என்ன, அந்த இழப்பைப் 'பெயர்ப்பொருள்' கையேடுகள் சரியாக ஈடுசெய்கின்றனவா என்பவை ஆராயத்தக்கவை.

பழவேற்காடு: ஒரே பெயர், பல வழிகள்

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குக் கிழக்கே கடலோரத்தில் உள்ளது பழவேற்காடு. எபிரேயப் பெயர்கள் தமிழ்நாட்டுக்கு வந்து சேர்ந்த வழிகள் பலவற்றை இந்தச் சிற்றூரில் காணலாம். போர்த்துக்கீசியர் காலத்தில் தோன்றிய மகிமை மாதா ஆலயம் இங்குள்ளது. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கு கெல்டிரியா கோட்டையைக் கட்டினர். அங்கு 1632 முதல் 1642 வரை குருவாகப் பணியாற்றியவர் ஆபிரகாம் ரோஜேரியஸ். இந்து சமயம் பற்றி அவர் எழுதிய நூல் 1651இல், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்தது. அவருடைய முதற்பெயர் எபிரேய முன்னோர் ஒருவரின் பெயர். இதே ஊரில் நெடுங்காலமாக வாழும் தமிழ் முஸ்லிம்களின் வழக்கில் அப்பெயர் இப்ராஹிம். அதேபோல யோசேப்பு யூசுப் ஆகிறார். யாக்கோபு யாகூப் ஆகிறார். கத்தோலிக்கரிடம் வழங்கும் சூசை என்ற பெயர் போர்த்துக்கீசிய 'ஜோசே' வழியாக வந்தது. யோசேப்பு, யூசுப், சூசை, ஆங்கிலவழி ஜோசப் என நான்கும் ஒரே எபிரேயச் சொல். ஒரு தொழிற்சாலையின் வருகைப் பதிவேட்டில் இந்நான்கு பெயர்களும் அடுத்தடுத்து நின்றால், அவை ஒன்றே என்று கண்டுகொள்ள எழுத்தில் எந்தத் தடயமும் இராது.

பொருள்வழி மரபு

பெயரைப் பொருளால் பெயர்த்த மரபு கத்தோலிக்கரிடம் வளர்ந்தது. யோவானை அவர்கள் அருளப்பர் என்றனர். இலத்தீனில் 'சிறியவர்' எனப் பொருள்படும் பவுல் சின்னப்பர் ஆனார். கிரேக்கத்தில் 'மகுடம்' எனப் பொருள்படும் ஸ்தேவான் முடியப்பர் ஆனார். வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய தேம்பாவணி இம்மரபின் உச்சம். 3 காண்டங்களும் 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட அக்காப்பியத்தின் தலைவர் யோசேப்பு. அவருக்கு முனிவர் இட்ட பெயர் வளன். திருமுழுக்கு யோவானுக்கு இட்ட பெயர் கருணையன். பள்ளிப் பாடநூலில் கருணையனைப் படித்த மாணவர் பலர் அதைக் கவிஞர் புனைந்த அழகிய பெயர் என்றே கருதுவர். உண்மையில் அது யோவான் என்ற பெயரின் நேரான பொருள். வளன் என்பதும் அத்தகையதே. தொடக்கநூல் 30ஆம் அதிகாரத்தில் ராகேல் இன்னொரு மகனும் வேண்டும் என்று சொல்லித் தன் மகனுக்குப் பெயரிடுகிறாள். 'சேர்த்தல், பெருக்குதல்' என்னும் எபிரேய வினை அங்கு பெயராகிறது. பெருக்கத்தைத் தமிழ்க் காப்பிய மரபு வளம் என்று சொல்லும். ஆகவே வளன் என்பது ஓர் அலங்காரம் அன்று. கவனமான வாசிப்பின் விளைவு.

இம்மரபுக்கு விவிலியத்திலேயே முன்மாதிரி உண்டு. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் இயேசு சீமோனுக்குக் 'கேபா' என்ற அரமேயப் பெயரை இடுகிறார். அதன் கிரேக்கப் பெயர்ப்பு 'பேதுரு' என்று நற்செய்தியாளரே விளக்குகிறார். இரண்டுக்கும் பொருள் பாறை. பழைய தமிழ் மொழிபெயர்ப்போ பேதுரு என்ற கிரேக்கச் சொல்லோடு நின்றுவிடுகிறது. ஒரு புரியாத சொல்லுக்கு இன்னொரு புரியாத சொல்லே விளக்கமாக அமைகிறது. மத்தேயு 16ஆம் அதிகாரத்தில் பெயரையும் பாறையையும் இணைக்கும் சொல்லாட்டமும் இதனால் தமிழ்க் காதில் விழுவதில்லை.

ஒலிவழி மரபு

சீகன்பால்கின் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1714-15இல் அச்சானது. அதில் தொடங்கும் சீர்திருத்தத் திருச்சபை மரபு ஒலிவழியையே பின்பற்றியது. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கி 1995இல் வெளியிட்ட திருவிவிலியமும் அவ்வழியையே ஏற்றது. அருளப்பர் யோவானாகவும் சின்னப்பர் பவுலாகவும் மாறினர். இதில் நன்மை உண்டு. எல்லாச் சபையினரும் ஒரே பெயரைச் சொல்ல முடிகிறது. ஆங்கிலம் ஜேக்கப், ஜேம்ஸ் எனப் பிரித்துவிட்ட பெயரைத் தமிழ் இரண்டு ஏற்பாடுகளிலும் யாக்கோபு என ஒன்றாகவே வைத்திருக்கிறது.

ஆனால் ஒலியும் முழுமையாக வந்து சேரவில்லை. தமிழின் ஒரே ககரம் பல எபிரேய எழுத்துகளைச் சுமக்கிறது. ஆபிரகாம், ராகேல், மீகா, ஈசாக்கு, கிதியோன், நகோமி ஆகிய ஆறு பெயர்களில் உள்ள ககரம் எபிரேயத்தில் ஆறு வெவ்வேறு எழுத்துகள். இதன் விளைவை ஓசியா நூலில் தெளிவாகக் காணலாம். அங்கு இறைவாக்கினரின் மகனுக்கு 'என் மக்கள் அல்ல' என்ற பொருளில் பெயர் இடப்படுகிறது. 'லோ' என்றால் 'அல்ல'. 'அம்மீ' என்றால் 'என் மக்கள்'. பழைய மொழிபெயர்ப்பு முதல் அதிகாரத்தில் இதை லோகம்மீ என எழுதுகிறது. இரண்டாம் அதிகாரத்தில் தண்டனை நீங்கும்போது பெயர் அம்மீ என மாறுகிறது. 'லோ' நீங்கியதே மன்னிப்பின் அடையாளம். தமிழில் லோகம்மீ என்பதில் லோவை நீக்கினால் கம்மீ எஞ்சுமே தவிர அம்மீ எஞ்சாது. போதாக்குறைக்குத் தமிழ்க் காது அதில் 'லோகம்' என்ற சொல்லைக் கேட்கிறது. நூலின் மையமான திருப்பம் ஓர் எழுத்தில் மறைந்துபோகிறது.

கையேடுகளின் பிழைகள்

பொருள் அறியும் ஆவலால் எழுந்தவை பெயர்ப்பொருள் கையேடுகள். அவற்றின் நோக்கம் நல்லது. ஆயினும் மூன்று வகைப் பிழைகள் அடிக்கடி நேர்கின்றன.

முதலாவது, தமிழ் எழுத்தை வைத்து எபிரேயப் பொருளைப் பிரிப்பது. சாமுவேல், தானியேல், எசேக்கியேல் ஆகியவற்றின் ஈற்றில் உள்ள 'ஏல்' இறைவனைக் குறிக்கும். ராகேல், ஆபேல் ஆகியவற்றில் அவ்வாறு இல்லை. ராகேல் என்றால் பெண் ஆடு. ஆபேல் என்றால் மூச்சு, ஆவி; சபை உரையாளர் நூல் திரும்பத் திரும்பச் சொல்லும் 'மாயை' என்பதும் இதே எபிரேயச் சொல்தான். எரேமியாவின் 'யா' ஆண்டவரின் பெயர்ச் சுருக்கம். மேசியாவின் 'யா' அதுவன்று. யோவானின் 'யோ' ஆண்டவரைக் குறிக்கும். யோனா என்பதோ வெறும் புறா.

இரண்டாவது, நூல் தரும் விளக்கத்தையே சொற்பிறப்பாகக் கொள்வது. தண்ணீரிலிருந்து எடுத்ததால் மோசே என்று பெயர் வந்ததாக விடுதலைப் பயணம் கூறுகிறது. அறிஞர் பலர் அதை எகிப்தியப் பெயராகக் கருதுகின்றனர். துத்மோசு, ராம்சேசு போன்ற பெயர்களில் உள்ள 'பிறந்தவன்' என்னும் எகிப்தியச் சொல் அது. கதை அதை எபிரேய வினையோடு பொருத்திக் காட்டுகிறது. சாமுவேலின் தாய் 'கேட்டுப் பெற்றேன்' என்று தரும் விளக்கம் சாமுவேலைவிடச் சவுல் என்ற பெயருக்கே நெருக்கமானது. யாக்கோபின் பெயரைக் கதை குதிகாலோடும் ஏமாற்றுதலோடும் இணைக்கிறது. 'இறைவன் காப்பாராக' என்பதே அதன் மூலப்பொருள் என ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இந்த விளக்கங்களைத் தவறு என ஒதுக்குவது பொருந்தாது. அவை கதைசொல்லியின் சொல்லாட்டங்கள். ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பது ஒரு கேள்வி. கதை அதை எப்படிப் பயன்படுத்துகிறது என்பது வேறு கேள்வி.

மூன்றாவது, ஒலி ஒப்புமையை உறவாகக் காட்டுவது. ஆபிரகாம்–பிரமன், சாராள்–சரசுவதி போன்ற இணைகள் இவ்வகையின. ஆபிராம் என்பது 'ஆப்' (தந்தை), 'ராம்' (உயர்ந்தவர்) எனப் பிரியும். பிரமன் என்ற சொல்லில் பகரமும் ரகரமும் பிரிக்க முடியாதவை. சாராள் என்பதன் ளகரமோ தமிழ் சேர்த்த பெண்பால் ஈறு. மூலத்தில் அது 'உயர்குடிப் பெண்' என்ற பொருளுடைய சாரா மட்டுமே.

மதிப்பீடு

பொதுப் பெயராக நிலைத்துவிட்ட யோவானை மீண்டும் அருளப்பராக்க வேண்டியதில்லை. ஆனால் கதை பெயரின் பொருளை நம்பி நிற்கும் இடங்களில் அடிக்குறிப்பு இன்றியமையாதது. ஈசாக்கின் பெயரில் சாராளின் சிரிப்பு இருக்கிறது. 'இனிமை' என்னும் பொருள்கொண்ட நகோமி தன்னை 'கசப்பு' என்னும் பொருளில் மாரா என அழைக்கச் சொல்வதில் ஒரு கைம்பெண்ணின் துயரம் இருக்கிறது. இவ்விடங்களில் பொருள் தெரியாத வாசகர் பாதிக் கதையையே படிக்கிறார். நல்ல கையேடு நூல் தரும் விளக்கம், மொழியியல் காட்டும் மூலம், தமிழுக்கு வந்த வழி ஆகிய மூன்றையும் தனித்தனியே தர வேண்டும். இம்மூன்றும் கிடைத்தால் பழவேற்காட்டின் யூசுப்பும் சூசையும் ஒரே பெயரினர் என்பது மாணவருக்குத் தானே விளங்கும். வளன் என்ற பெயரை வீரமாமுனிவர் எங்கிருந்து எடுத்தார் என்பதும் விளங்கும்.