பீற்றர்சனின் சின்னக் கோடுகள்

பறவை ஓவியம் என்றதும் எமது விமர்சகர்கள் சற்று முகம் சுளிப்பார்கள். அது பாடப்புத்தகப் படம், கலையல்ல என்பது அவர்களது தீர்ப்பு. றோஜர் ரோறி பீற்றர்சனை அப்படித் தள்ளிவிட எம்மால் முடியவில்லை.

1934இல் அவரது பறவைக் கையேடு வெளிவந்தபோது அவர் மசசூசெற்ஸில் ஒரு பாடசாலையின் சித்திர ஆசிரியர். அச்சிட்ட 2000 பிரதிகளும் விரைவில் தீர்ந்தன. பறவையைத் திட்டமாக அறியத் துவக்கு வேண்டும் என்ற எண்ணம் அப்போது முற்றாக ஒழிந்திருக்கவில்லை. பீற்றர்சன் ஒன்றையொன்று ஒத்த பறவைகளை வரிசையாக நிறுத்தி, வேறுபடும் இடத்தை மட்டும் சிறு கோட்டால் சுட்டினார். வாலில் ஒரு வெள்ளை, கண்ணுக்கு மேல் ஒரு வரி. யோசனையின் வித்து ஏர்னஸ்ற் தொம்சன் சீற்றனின் 1903ஆம் ஆண்டுச் சிறுவர் நூலில் உண்டு. ஆனால் அந்தக் கோடு, கரும்பலகையில் பிரம்பால் தொட்டுக் காட்டும் வாத்தியாரின் கை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. மரமில்லை, காற்றில்லை, அடையாள அணிவகுப்பில் நிறுத்தப்பட்டவை போலப் பறவைகள் நிற்கின்றன. (எம்மவர்க்கு இந்த உவமையை விளக்கத் தேவையில்லை.) ஓவியமாக மட்டும் பார்த்தால் இது குறைதான். ஆனால் 1954இல் கனெக்ரிகட்டில் குடியேறியவர், தன் வீட்டருகே விராலடிப்பான்களின் கூடுகள் ஆண்டுக்காண்டு வெறுமையாவதைக் கண்டார். டி.டி.ரி. நஞ்சால் முட்டை ஓடுகள் மெலிந்து உடைந்தன. அந்த நஞ்சுக்கெதிராக செனற் குழுவின் முன் சாட்சி சொன்னவர்களில் அவரும் ஒருவர். 1972இல் அமெரிக்கா அதைத் தடைசெய்தது. வால் வெள்ளையைப் பார்க்கப் பழகிய கண்ணே வெறுங்கூட்டையும் பார்த்தது என்பது எமது அபிப்பிராயம்.

ஜி.எம்.ஹென்றி வேறு வகை. இலங்கையில் பிறந்து, கொழும்பு நூதனசாலையில் பணியாற்றி, 1946இல் ஓய்வுபெற்று இங்கிலாந்து போனவர். இலங்கைப் பறவைகள் பற்றிய அவரது கையேடு 1955இல் வந்தது. அவரது பறவைகளுக்கு இருப்பும் குணமும் உண்டு. சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரையும் தருகிறார். ஊரைவிட்டு வந்தபின் எழுதிய புத்தகம் என்பதால் எமக்கு அதில் கூடுதல் பற்று என்றால் மறுக்கமாட்டோம்.

எமது பிள்ளைகள் பீற்றர்சனை வைத்துக் கார்டினலை இலகுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அண்மையில் ஒரு பிள்ளை புலுனி எப்படியிருக்கும் என்று கேட்டது. ஹென்றி கைவசமில்லை. கடதாசியில் கீறிக் காட்ட முயன்றோம். உடம்பு என்ன நிறம், வால் எவ்வளவு நீளம், ஒன்றும் திடமாக வரவில்லை. அலகு மஞ்சள். அதற்கு நேரே ஒரு கோடு மட்டும் இழுத்துக் கொடுத்தோம்.