சாயவேரின் செம்மை: ‘பொன்னியின் செல்வன்’ உடையமைப்பு – ஒரு நோக்கு

வரலாற்றுத் திரைப்படமொன்றின் உடையமைப்பை மதிப்பிடுவோர், ‘அக்காலத்தில் இவ்வாறுதான் உடுத்தனரா?’ என்னும் வினாவோடு பெரும்பாலும் அமைந்துவிடுவர். அவ்வுடைக்குச் சாயமிட்டவர் யார், அதனை உடுத்தவர் என்ன தொழில் செய்தார் என்னும் வினாக்கள் எழுவது அரிது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’, மணிரத்னத்தின் இயக்கத்தில் 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் இரு பாகங்களாகத் திரைக்கு வந்தது. ஏகா லகானியின் உடையமைப்பு பலரின் பாராட்டைப் பெற்றது. அப்பாராட்டுத் தகுதியானதே. எனினும், மேற்கூறிய வினாக்களையும் அதன்முன் வைத்தல் வேண்டும்.

சோழர்கால உடையை அறிவதற்குச் செப்புப் படிமங்களும், தஞ்சைப் பெரியகோயிலில் 1931இல் வெளிப்பட்ட ஓவியங்களும் முதன்மைச் சான்றுகளாம். செம்பியன் மாதேவியின் உருவமெனப் பலராலும் கருதப்படுவதும் இன்று வாஷிங்டனில் உள்ளதுமான படிமத்தில், இடைக்குக் கீழ் உடலோடொட்டிய துணி மட்டுமே உண்டு. மேலே அணிகலன்களே உள. அவ்வரசியே பாத்திரமாக வரும் திரைப்படம் இதனை அவ்வாறே பின்பற்றல் இயலாது. எனவே தைத்த கச்சும் சரிகைப் பட்டும் இடம்பெற்றன. இதனைப் பிழையெனல் பொருந்தாது. கொண்டை, அணி, நிறம் ஆகியவற்றாலேயே குந்தவையையும் நந்தினியையும் வேறுபடுத்திக் காட்டிய திறன் குறிப்பிடத்தக்கது.

குறை தோன்றுவது அரண்மனையிலன்று, கடலில். கோடிக்கரையிலிருந்து ஈழத்துக்குப் படகு வலிக்கும் பூங்குழலியின் எளிமை, பெரிதும் அணிகளைக் குறைத்தமையாலேயே உணர்த்தப்படுகிறது. உப்புநீர் பட்டு விறைத்த பருத்தியும், துடுப்புப் பிடிக்க வரிந்து கட்டிய துணியும் அவள் தொழிலைச் சொல்லியிருக்கும். அரசகுலத்தார்க்கு உடை வரலாறாக, கடலோடிக்கு அது அழகாக மட்டும் நின்றுவிடுகிறது.

அக்கடலின் மறுகரையிலுள்ள தீவுகளுக்குத் தமக்கென வரலாறு உண்டு. முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு, ஊராத்துறைக்கு வரும் பிறநாட்டு வணிகர்க்குப் பாதுகாப்பளிக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிய மரக்கலம் உடைந்தால் காற்பங்கும், பிற சரக்கேற்றியது உடைந்தால் அரைப்பங்கும் அரசுக்குரியன என விதிக்கிறது. ஊராத்துறையே இன்றைய ஊர்காவற்றுறை. பின்னர் ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத் தீவுகளிலும் மன்னாரிலும் மணற்பாங்கான நிலத்தில் அகழப்பட்ட சாயவேர் அரசின் வருவாய்களுள் ஒன்றாயிற்று. சோழர்காலத்திலும் அது இங்கு அகழப்பட்டது என்பதற்கு இது சான்றாகாது. ஆயினும், பருத்தியில் செம்மை ஏறும் வழியை அது தெளிவுறுத்துகிறது. அச்செம்மை எளிதில் பற்றுவதன்று. கடுக்காயும் படிகாரமும் ஊட்டி, வேர்ச்சாற்றில் கொதிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி எடுக்கவேண்டும். ஐரோப்பாவில் 1869இல் செயற்கை அலிசரின் கண்டறியப்பட்ட பின்னர் வேர்ச்சாயத் தொழில் நலிவுற்றது.

ஆகவே, சிவப்பு என்பது வெறும் நிறமன்று. வேரகழ்ந்தவன் முதுகில் விழுந்த வெயிலும் அதனுள் அடங்கும். திரையிலே பட்டின் பளபளப்பு அரசரின் செல்வத்தைச் சொல்லும். மங்கிய பருத்திச் செம்மையோ அச்செல்வத்தை ஆக்கியோரைச் சொல்லும். முன்னதைச் செவ்வனே காட்டிய இவ்வுடையமைப்பு, பின்னதைக் காட்டும் வாய்ப்பைப் பூங்குழலியின் படகிலேயே தவறவிட்டது. சோழரைப் பற்றி இனி எழும் திரைப்படங்கள் அரண்மனைப் பேழையோடு கடற்கரை மணலையும் நாடுமாயின், வரலாறு முழுமையுறும்.